ஒன்பதாவது சிப்: கணனி நினைவகம் தன் பிழையைச் சொன்ன காலமும் மறைத்த காலமும்



2003ஆம் ஆண்டு மே 18ஆம் திகதி பெல்ஜியம் நாட்டில் பொதுத் தேர்தல் நடந்தது. தலைநகர் பிரசல்ஸைச் சேர்ந்த ஸ்கார்பேக் என்ற பகுதியில் மக்கள் கணனி மூலம் வாக்களித்தார்கள். எண்ணிக்கை முடிந்தபோது ஒரு வேட்பாளருக்கு, அவர் பெற்றிருக்கவே முடியாத அளவு விருப்பு வாக்குகள் விழுந்திருந்தன. வாக்காளர்களின் காந்த அட்டைகளை மீண்டும் எண்ணிப் பார்த்தார்கள். வித்தியாசம் சரியாக 4096 வாக்குகள். மென்பொருளில் பிழை தேடினார்கள், அகப்படவில்லை.

பள்ளிக்கூடத்தில் துவித எண்கள் படித்தவர்களுக்கு இந்த 4096 அறிமுகமான எண். 0, 1 என்ற இரண்டு இலக்கங்களால் மட்டும் எண்ணும்போது வலப்பக்கத்திலிருந்து பதின்மூன்றாம் இடத்தின் பெறுமதி 4096. கணனியின் நினைவகத்தில் அந்த ஓர் இடத்தில் இருந்த 0 தானாகவே 1 ஆக மாறியிருக்க வேண்டும் என்பதே ஆராய்ந்தவர்கள் வந்த முடிவு. வாக்குகள் கூடியதை கணனி எவருக்கும் சொல்லவில்லை. பெற்றிருக்க முடியாத எண் என்று மனிதர்கள் சந்தேகப்பட்டதால்தான் விஷயம் வெளியே வந்தது.

இதே 4096 என்ற எண்ணுக்கும் நாங்கள் வாழும் இந்தப் பகுதிக்கும் ஒரு பழைய தொடர்பு உண்டு. இர்விங்கிலிருந்து வடக்கே காரில் கொஞ்ச நேரம் போனால் வரும் கரோல்டன் நகரத்து நிறுவனம் ஒன்று 1973இல் வெளியிட்ட நினைவகச் சிப்பின் பெயர் எம்கே 4096. நினைவகம் எப்படிப் பிழை விடுகிறது, அந்தப் பிழையைச் சத்தம் போட்டுச் சொல்லும் ஏற்பாடு எப்படி வந்தது, பிறகு எங்கள் வீட்டுக் கணனிகளிலிருந்து அது ஏன் போனது என்பதே இம்மாத உரையின் பொருள். காணி உறுதியையும் பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தையும் ஊர்ப் படங்களையும் கணனியில் ஏற்றி வைத்திருக்கும் எங்கள் குடும்பங்களுக்கு இது வெறும் இயந்திரக் கதையாக இருக்க முடியாது.

ஓட்டை வாளியில் ஒரு நினைவகம்

டாலஸ் நகரத்தில் டெக்சஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனத்தில் வேலை பார்த்த ஜாக் கில்பி, 1958 செப்டெம்பர் 12ஆம் திகதி தன் மேலதிகாரிகளுக்கு ஒரு சிறு துண்டைக் காட்டினார். மின்சுற்றின் உறுப்புகள் யாவும் ஒரே குறைகடத்தித் துண்டில் அமைந்திருந்தன. இன்று நாம் சிப் என்று சொல்வதன் ஆரம்பம் அது. அதற்காக 2000ஆம் ஆண்டில் அவருக்குப் பௌதிகத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது.

நினைவகத்தின் கதையில் இன்னொரு டெக்சஸ்காரர் வருகிறார். ராபர்ட் டெனார்ட் 1932இல் டாலஸுக்குக் கிழக்கே உள்ள டெரல் என்ற சிற்றூரில் பிறந்தவர். டாலஸில் உள்ள சதர்ன் மெதடிஸ்ட் பல்கலைக்கழகத்தில் படித்து, பிறகு ஐபிஎம் நிறுவனத்தில் சேர்ந்தார். 1966இல் அவருக்கு ஓர் எண்ணம் தோன்றியது. அதுவரை ஒரு பிட், அதாவது ஒரு 0 அல்லது 1, வைத்திருக்க ஆறு டிரான்சிஸ்டர்கள் வேண்டியிருந்தன. அவர் ஒரு டிரான்சிஸ்டரும் மின்னேற்றத்தைப் பிடித்து வைக்கும் ஒரு சின்னக் கொள்ளளவியும் போதும் என்றார். மின்னேற்றம் இருந்தால் 1, இல்லாவிட்டால் 0. 1968இல் அதற்குக் காப்புரிமை கிடைத்தது. டெனார்ட் 2024இல் காலமானார். இன்றும் எங்கள் கணனியிலும் கைத்தொலைபேசியிலும் உள்ள நினைவகம் அவர் சொன்ன முறையிலேயே இயங்குகிறது.

இந்த முறையில் ஒரு சங்கடம் உண்டு. அந்தக் கொள்ளளவி ஓட்டை வாளி போன்றது. ஊற்றிய தண்ணீர் ஒழுகிக்கொண்டே இருக்கும். ஆகையால் முற்றாக ஒழுகிப் போக முன்னர், எது நிரம்பிய வாளி, எது வெறும் வாளி என்று படித்துப் பார்த்து, நிரம்பியதை மீண்டும் நிரப்ப வேண்டும். 1970களின் சிப்களில் இந்த வேலை ஒவ்வொரு இரண்டு மில்லி விநாடிக்குள்ளும் ஒருமுறை நடந்தது. பின்னர் வந்த பல சிப்களில் 64 மில்லி விநாடிக்கு ஒருமுறை நடக்கிறது. கணனியின் நினைவகம் எதையும் ஒருமுறை எழுதிவிட்டுச் சும்மா இருப்பதில்லை. ஓயாமல் திருப்பித் திருப்பி எழுதிக்கொண்டேதான் இருக்கிறது. அந்த எழுத்தில் ஒருமுறை பிழைத்தாலும், பிறகு பிழையே உண்மையாகத் திருப்பி எழுதப்படும்.

டெனார்டின் எண்ணத்தை மலிவான பொருளாக மாற்றியவர்களில் முக்கியமானவர்கள் கரோல்டனில் இருந்த மொஸ்டெக் நிறுவனத்தார். டெக்சஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸை விட்டு வெளியேறிய பொறியியலாளர்கள் 1969இல் அதைத் தொடங்கினார்கள். அங்கே ராபர்ட் ப்ரோப்ஸ்டிங் வடிவமைத்த எம்கே 4096 சிப்பில் 4096 பிட்கள் அடங்கின. முகவரியை இரண்டு தவணையாக ஒரே கால்களின் வழியே அனுப்பும் யுக்தியால், 22 கால்கள் வேண்டிய சிப் 16 கால்களுக்குச் சுருங்கியது. 1976இல் அதே நிறுவனம் 16 ஆயிரம் பிட்கள் கொண்ட எம்கே 4116 சிப்பை வெளியிட்டது. அதன் அமைப்பையே மற்ற நிறுவனங்களும் பின்பற்றின.

பிழையைச் சொல்லும் ஒன்பதாவது

1947இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் ரிச்சர்ட் ஹாமிங் என்ற கணிதவியலாளர் வேலை செய்தார். அங்கிருந்த கணிப்பு இயந்திரம் வார நாட்களில் பிழை கண்டால் மணியடித்து நிற்கும். ஆட்கள் வந்து திருத்துவார்கள். சனி, ஞாயிறுகளில் ஆட்கள் இல்லை. பிழை கண்டால் அந்தக் கணக்கைக் கைவிட்டு அடுத்த கணக்குக்குப் போய்விடும். தொடர்ந்து இரண்டு வார இறுதிகளில் ஹாமிங்கின் கணக்கு இப்படிக் கைவிடப்பட்டது. பிழை இருக்கிறது என்று இயந்திரத்துக்குத் தெரிகிறதென்றால், எந்த இடத்தில் என்று கண்டுபிடித்து அதுவே திருத்தக் கூடாதா என்று அவர் யோசித்தார். 1950இல் அவர் வெளியிட்ட கட்டுரையே பிழை திருத்தும் குறியீடுகளுக்கு அடிப்படை.

இதன் தத்துவம் எங்களுக்குத் தெரிந்ததுதான். காசோலையில் தொகையை எண்ணாலும் எழுதுகிறோம், எழுத்தாலும் எழுதுகிறோம். இரண்டும் பொருந்தாவிட்டால் எங்கோ பிழை என்று தெரிந்துவிடும். கூடுதலாக எழுதிய ஒன்று முதலில் எழுதியதற்குச் சாட்சி.

நினைவகத்தில் இதன் மிக எளிய வடிவம் பரிட்டி. எட்டு பிட்களுக்கு ஒன்பதாவதாக ஒரு பிட் வைப்பார்கள். மொத்தத்தில் 1களின் எண்ணிக்கை எப்போதும் ஒற்றை எண்ணாக வரும்படி அந்த ஒன்பதாவது பிட்டை எழுதுவார்கள். உதாரணமாக 01001011 என்பதில் நான்கு 1கள் உண்டு; ஒன்பதாவதையும் 1 ஆக எழுதினால் ஐந்து. பிறகு படிக்கும்போது எண்ணிக்கை இரட்டையாக வந்தால், எங்கோ ஒரு பிட் மாறிவிட்டது என்று பொருள். எது என்று பரிட்டியால் சொல்ல முடியாது. இரண்டு பிட்கள் ஒன்றாக மாறினால் அதற்குத் தெரியவும் தெரியாது. ஆனாலும் ஒன்று மாறினால் நிச்சயம் பிடித்துவிடும்.

1981 ஆகஸ்ட் 12ஆம் திகதி ஐபிஎம் தன் முதலாவது பேர்சனல் கம்பியூட்டரை அறிமுகம் செய்தது. அதன் தாய்ப்பலகையில் எம்கே 4116 வகை நினைவகச் சிப்கள் வரிசைக்கு ஒன்பதாக நான்கு வரிசைகளில் அமைந்தன. எட்டு சிப்கள் தரவுக்கு, ஒன்பதாவது சிப் சாட்சிக்கு. அலுவலகக் கணக்குகளுக்கு விற்கும் இயந்திரம் பொய்க் கணக்குக் காட்டக் கூடாது என்று அதை அமைத்தவர்கள் எண்ணியிருந்தார்கள்.

படலை மணியும் நெருப்புக் கூக்குரலும்

ஒன்பதாவது சிப் பிழையைக் கண்டுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். வேறு வேலையில் மூழ்கியிருக்கும் செயலிக்கு அதை எப்படிச் சொல்வது? இங்கேதான் குறுக்கீடு, அதாவது இன்டரப்ட், வருகிறது.

அடுப்படியில் நிற்கும் அம்மா, யாராவது வந்திருக்கிறார்களா என்று நிமிடத்துக்கு ஒருமுறை படலைக்குப் போய்ப் பார்ப்பதில்லை. மணி அடித்தால் அகப்பையை வைத்துவிட்டுப் போவார்; வந்தவரைக் கவனித்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து சமையலைத் தொடருவார். குறுக்கீடும் அதேதான். விசைப்பலகையில் ஓர் எழுத்தைத் தட்டினால் அது செயலிக்கு மணி அடிக்கிறது. 1954இல் அமெரிக்கத் தர நிர்ணயக் கழகம் கட்டிய டைசியாக் என்ற கணனியில் வெளிக்கருவிகளுக்கான இந்த ஏற்பாடு ஆரம்பத்திலேயே இருந்தது.

மணி எப்போது அடிக்கும் என்று யாருக்கும் தெரியாது என்பதே இதில் உள்ள தொல்லை. நெதர்லாந்தில் 1950களின் பிற்பகுதியில் எக்ஸ் 1 என்ற கணனி உருவானபோது, அதற்கு மென்பொருள் எழுத வேண்டியிருந்தவர் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா. அதில் குறுக்கீடு வைக்கப் போகிறோம் என்று நண்பர்கள் சொன்னதும் அவர் பயந்துபோனார். ஒருமுறை வந்த பிழையை மறுமுறை வரவழைத்துக் காட்ட முடியாது, பிறகு எப்படித் திருத்துவது என்பது அவர் கவலை. பின்னர் சம்மதித்து, அந்தச் சிக்கலை அடக்கும் முறைகளை ஆராய்ந்து 1959இல் அதையே தன் கலாநிதிப் பட்ட ஆய்வாக்கினார். அதே டைக்ஸ்ட்ரா 1984 தொடக்கம் 1999 வரை எங்கள் மாநிலத்து ஆஸ்டினில் டெக்சஸ் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தார். "கடைக்குக் கொண்டுபோனால் ஒழுங்காக வேலை செய்கிறது, வீட்டுக்கு வந்தால் நின்றுவிடுகிறது" என்று கணனி வைத்திருப்பவர்கள் முறையிடுவது, அவர் அன்று பயந்த அதே விஷயம்தான்.

1981இன் ஐபிஎம் கணனியில் கருவிகளுக்கு எட்டு மணிக்கம்பிகள் இருந்தன. இவையே ஐஆர்க்யூ எனப்பட்டவை. பூச்சியம் கடிகாரத் துடிப்புக்கு, 1 விசைப்பலகைக்கு, 6 நெகிழ்தட்டுக்கு, 7 அச்சுப்பொறிக்கு. 1984இல் வந்த ஏரி மாதிரியில் இன்னொரு கட்டுப்பாட்டுச் சிப் சேர்ந்ததால், பயன்படுத்தக்கூடிய கம்பிகள் பதினைந்தாயின. எட்டாம் கம்பி நாள், நேரம் காட்டும் கடிகாரச் சிப்புக்கு. பழைய தாய்ப்பலகைகளில் கறுப்புப் பெட்டி போன்ற ஒரு சிப்பின் முதுகில் டாலஸ் என்று எழுதியிருப்பதைக் கண்டிருப்பீர்கள். 1984இல் தொடங்கிய டாலஸ் செமிகண்டக்டர் நிறுவனம் மின்கலத்தையும் உள்ளே வைத்துச் செய்த கடிகாரச் சிப் அது. அந்த மின்கலம் இறந்தால் கணனி நாளையும் மறக்கும், தன் அமைப்புகளையும் மறக்கும். நினைவகமே பழுது என்று பலர் எண்ணிய கோளாறுகளில் இதுவும் ஒன்று.

அந்த நாளைய அமைப்பில் ஒரு கம்பியில் இரண்டு கருவிகள் ஒரே நேரத்தில் மணி அடிக்க முடியாது. 1990களில் மொடெம் வைத்திருந்த வீடுகளில் இது அடிக்கடி நடந்தது. முதலாம் தொடர்வாயிலும் மூன்றாம் தொடர்வாயிலும் நான்காம் கம்பியைப் பகிர்ந்தன. சுட்டெலியை ஒன்றிலும் மொடெமை மற்றதிலும் போட்டால், மொடெம் தொலைபேசியை அழைக்கத் தொடங்கிய கணமே சுட்டெலி உறைந்துவிடும். மொடெமை இரண்டாம் வாயிலுக்கு மாற்றினால் சரி. அட்டைகளில் இருந்த சின்னஞ்சிறு ஜம்பர்களை இடம் மாற்றி மாற்றிப் பார்த்தவர்களுக்கு இது நினைவிருக்கும். 1992இல் வந்த பிசிஐ முறையில் ஒரு கம்பியைப் பல கருவிகள் பகிரலாம் என்றாயிற்று. 1995இல் வந்த விண்டோஸ் 95 கம்பிகளைத் தானே பங்கிட்டுக் கொடுக்க முயன்றது.

இந்த மணிகளைச் செயலி வேண்டாமென்றால் கொஞ்ச நேரம் கேட்காமல் இருக்கலாம். ஆனால் கேட்காமல் இருக்க முடியாத ஒரு கம்பி தனியாக உண்டு. அதன் பெயர் என்எம்ஐ. தடுக்க முடியாத குறுக்கீடு என்று பொருள். படலை மணியை அம்மா பொறுக்கச் சொல்லலாம். வீட்டில் நெருப்பு என்ற கூக்குரலைப் பொறுக்கச் சொல்ல முடியாது. ஒன்பதாவது சிப் பிழை கண்டால் அடித்தது இந்தக் கம்பியைத்தான். உடனே கணனி எல்லாவற்றையும் நிறுத்தி, திரையில் பரிட்டி செக் 1 என்றோ பரிட்டி செக் 2 என்றோ எழுதிவிட்டு நின்றுவிடும். 1 என்றால் தாய்ப்பலகை நினைவகத்தில் பிழை. 2 என்றால் பின்னர் செருகிய அட்டையில் பிழை. பிற்கால விண்டோஸில் இதுவே, வன்பொருள் பழுதாகிவிட்டது, விற்றவரை அழையுங்கள் என்று சொல்லும் நீலத்திரையாக வந்தது.

பிட் ஏன் மாறுகிறது?

1970களில் 16 ஆயிரம் பிட் சிப்கள் வந்தபோது ஒரு புதிர் தோன்றியது. பிழை வந்த சிப்பைச் சோதித்தால் அதில் ஒரு பழுதும் இல்லை. 1978இல் இன்டெல் நிறுவனத்தின் திமத்தி மேயும் மரே வூட்ஸும் காரணத்தைக் கண்டுபிடித்தார்கள். சிப்பை மூடிய பீங்கான் உறையில் மிகச் சிறிய அளவில் யுரேனியமும் தோரியமும் கலந்திருந்தன. அவற்றிலிருந்து வெளியேறும் ஓர் அல்பாத் துகள் சிப்புக்குள் பாய்ந்தால், பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட இலத்திரன்களை விடுவிக்கும். வாளியில் இருப்பதை மாற்ற அது தாராளமாகப் போதும்.

அடுத்த ஆண்டு ஐபிஎம்மின் ஜேம்ஸ் சீக்லரும் யேல் பல்கலைக்கழகத்தின் வில்லியம் லான்ஃபோர்டும், வானிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்களும் இதைச் செய்யும் என்று எழுதினார்கள். உயரமான மலைநகரங்களில் இந்தப் பிழைகள் கூடின. 1995இல் டெக்சஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் ராபர்ட் பாமனும் அவருடன் சேர்ந்தவர்களும் இன்னொரு காரணத்தைக் காட்டினார்கள். சிப்பின் உள்ளேயே பூசப்பட்ட கண்ணாடிப் படலத்தில் இருந்த போரன், குறைந்த வேக நியூத்திரன்களைப் பிடித்து அல்பாத் துகளை உமிழ்ந்தது. இவை அறியப்பட்டபின் உறையும் படலமும் மாற்றப்பட்டன.

இவை மென் பிழைகள். சிப்புக்குச் சேதம் இல்லை. எழுத்து மட்டும் மாறும். இவற்றைவிட வீடுகளில் அதிகம் காண்பது வன் பிழை: பழுதான கலம், தளர்ந்த தொடுகை, களைத்த மின்வழங்கி, வெப்பம். 2009இல் கூகுள் நிறுவனத்தின் பொறியியலாளர்களும் டொரன்டோ பல்கலைக்கழகத்தின் பியாங்கா ஷ்ரோடரும் கூகுளின் கணனிகளை ஆராய்ந்து ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். ஓராண்டில் சுமார் மூன்றில் ஒரு பங்கு கணனிகளில் குறைந்தது ஒரு நினைவகப் பிழையாவது வந்தது. நினைவகப் பலகைகளில் நூற்றுக்கு எட்டுக்கு மேல் பாதிக்கப்பட்டன. ஒருமுறை பிழைத்த பலகை மறுபடியும் பிழைக்கும் வாய்ப்பு மிகவும் கூடியது. விண்வெளிக் கதிரைவிட வன்பொருளே பெரிய குற்றவாளி என்பது அவர்கள் முடிவு.

சாட்சியை நீக்கிய காலம்

எட்டுக்கு ஒன்பது என்றால் நினைவகச் செலவு எட்டில் ஒரு பங்கு கூடும். 1984இல் வந்த மக்கின்ரொஷ் தொடக்கத்திலேயே ஒன்பதாவது சிப் இல்லாமல் வந்தது. 1993 யூலையில் ஜப்பானின் நீஹாமாவில் சுமிட்டோமோ இரசாயனத் தொழிற்சாலையில் வெடிவிபத்து நிகழ்ந்தது. உலகச் சிப் உறைகளுக்கான பசையில் பெரும்பகுதி அங்கேதான் செய்யப்பட்டது. நினைவக விலை சடுதியாக ஏறியது. மலிவாக விற்கப் போட்டியிட்ட கணனி நிறுவனங்களுக்கு அந்தக் காலத்தில் ஒன்பதாவது சிப் வீண் செலவாகத் தோன்றியது. 1995இல் வீட்டுக் கணனிகளுக்கென்று இன்டெல் வெளியிட்ட 430எஃப்எக்ஸ் என்ற சிப் தொகுதியில் பரிட்டி பார்க்கும் வசதியே இல்லை.

இதைவிட மோசமான ஒன்றும் அந்நாட்களில் நடந்தது. பரிட்டி கேட்கும் பழைய கணனிகளுக்கென்று லாஜிக் பரிட்டி என்ற மலிவு நினைவகப் பலகைகள் விற்பனைக்கு வந்தன. அவற்றில் ஒன்பதாவது சிப் இருக்கும். ஆனால் அது எழுதிய நேரத்துச் சாட்சியை வைத்திருப்பதில்லை. படிக்கும் நேரத்தில் எட்டு பிட்களையும் பார்த்து, அவற்றுக்குப் பொருந்தும் விடையை அப்போதே செய்து கொடுக்கும். எட்டும் பிழையாக இருந்தாலும் எல்லாம் சரி என்றே சொல்லும். காசோலையைத் திருத்தியவனே எழுத்துத் தொகையையும் திருத்தி எழுதியது போன்றது அது.

இப்படியாக வீட்டுக் கணனி பிழை சொல்வதை நிறுத்தியது. பரிட்டி செக் என்று நின்றுபோன கணனி மக்களுக்கு எரிச்சல் தந்தது உண்மை. ஆனால் நின்றுபோன கணனி பிழையான கணக்கை வட்டில் எழுதவில்லை. புதிய கணனி நிற்காமல் ஓடியது. சில வேளைகளில் பிழையையும் சேமித்துக்கொண்டே ஓடியது. வங்கிகளும் பெரிய நிறுவனங்களும் மட்டும் ஹாமிங்கின் வழியில் வந்த ஈசிசி நினைவகத்தைத் தொடர்ந்து வாங்கின. அதில் 64 பிட்களுக்கு 8 சாட்சிப் பிட்கள். ஒரு பிழையைத் திருத்தும், இரண்டைக் கண்டுபிடிக்கும். 2020இல் தரம் நிர்ணயிக்கப்பட்ட டிடிஆர் 5 நினைவகத்தில் சிப்புக்கு உள்ளேயே ஒரு திருத்தும் ஏற்பாடு உண்டு. சிப்புக்கும் செயலிக்கும் இடையே வழியில் நேரும் பிழையை அது பார்க்காது. ஆகவே அது முழு ஈசிசி ஆகாது.

எங்கள் வீட்டுப் பத்திரங்கள்

1981 மே 31ஆம் திகதி இரவு தொடங்கி யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தது. சுமார் 97 ஆயிரம் நூல்களும் ஏடுகளும் அழிந்தன. அதற்குப் பத்து வாரங்கள் கழித்துத்தான் ஒன்பதாவது சிப்போடு ஐபிஎம் கணனி வெளிவந்தது. ஒரே பிரதியாக இருந்தது போனால் என்ன ஆகும் என்பதை நாங்கள் அன்று அறிந்துகொண்டோம். 2005இல் தொடங்கிய நூலகம் என்ற மின்னூலகம், எஞ்சியவற்றைத் தேடி மின்வடிவாக்கி வருகிறது. வீட்டு மட்டத்தில் நாமும் அதைத்தான் செய்கிறோம். இடப்பெயர்வில் கைப்பையில் வந்த உறுதி, விவாகப் பதிவு, மறைந்த தாத்தாவின் ஒரே படம் எல்லாம் ஸ்கான் செய்யப்பட்டு ஒரு கணனியில் கிடக்கின்றன.

நெருப்பு தெரியும். பிட் மாறுவது தெரியாது. பழுதான நினைவகம் உள்ள கணனியில் ஒரு படத்தைத் திறந்து மறுபடி சேமித்தால், அல்லது வேறு வட்டுக்குப் பிரதி எடுத்தால், பிரதியிலேயே பழுது ஏறிவிடலாம். படத்தின் பாதிக்குக் கீழே நிறம் மாறிப்போவதும், கோப்பு திறக்க மறுப்பதும் இப்படியும் வரும். ஆகவே கணனி அடிக்கடி நின்றால் முதலில் செய்யக் கூடாதது ஒன்று உண்டு: பயந்து அவசரமாக, நல்ல பழைய பிரதிக்கு மேல் புதிய பிரதி எழுதக் கூடாது. பழைய பிரதியை அப்படியே வைத்துவிட்டு, வன்தட்டைக் கழற்றி வேறு நல்ல கணனியில் பொருத்திப் பிரதி எடுக்க வேண்டும்.

பிறகு பழுதைத் தேடலாம். நீலத்திரை ஒவ்வொரு முறையும் ஒரே டிரைவரின் பெயரைச் சொன்னால் அந்த டிரைவரை அல்லது அதற்குரிய கருவியைச் சந்தேகிக்கவும். ஒவ்வொரு முறையும் வேறு வேறு காரணம் சொன்னால் நினைவகத்தைச் சந்தேகிக்கவும். ஐஆர்க்யூஎல் நாட் லெஸ் ஆர் ஈக்வல் என்று வரும் செய்தியைப் பார்த்துப் பழைய கம்பி மோதல் என்று பலர் எண்ணுகிறார்கள். உயர்ந்த குறுக்கீட்டு மட்டத்தில் ஓடிய மென்பொருள் ஒன்று தொடக் கூடாத நினைவக முகவரியைத் தொட்டுவிட்டது என்பதே அதன் பொருள். டிரைவர் பிழையாலும் வரும், பழுதான நினைவகத்தாலும் வரும்.

கணனியை நிறுத்தி, மின்கம்பியைக் கழற்றி, உலோகச் சட்டத்தைத் தொட்டு உடம்பின் நிலைமின்சாரத்தை இறக்கிய பிறகே உள்ளே கை வைக்க வேண்டும். இங்கே குளிர்காலத்தில் வீட்டுச் சூடாக்கி ஓடும்போது காற்று வறண்டு நிலைமின்சாரம் கூடும். நினைவகப் பலகைகளைக் கழற்றித் தூசு துடைத்து, அழுத்திச் செருகினாலே பாதிக் கோளாறு தீரலாம். அடுத்தது சோதனை. 1994இல் கிறிஸ் பிரேடி எழுதிய மெம்டெஸ்ட் 86 என்ற இலவச மென்பொருளை யூஎஸ்பி குச்சியில் ஏற்றி, அதிலிருந்தே கணனியைத் தொடக்கி, ஓர் இரவு முழுவதும் ஓட விடவும். விண்டோஸ் விஸ்டா காலம் முதல் விண்டோஸுடனேயே மெமரி டயக்னாஸ்டிக் என்ற சோதனையும் வருகிறது. வேகம் கூட்டும் அமைப்புகள் எதையாவது இயக்கியிருந்தால் முதலில் அவற்றை நீக்கவும். பிழை வந்தால் ஒரு பலகையை மட்டும் வைத்து மறுபடி சோதிக்கவும். பிழை ஒரே முகவரியில் திரும்பத் திரும்ப வந்தால் அந்தப் பலகையை மாற்ற வேண்டும். எல்லாப் பலகையிலும் பிழை வந்தால் செருகியையும் மின்வழங்கியையும் பார்க்க வேண்டும். சோதனையில் ஒரு பிழைதானே என்று விட்டுவிடக் கூடாது. கூகுள் கணனிகளில் கண்டதுபோல், ஒருமுறை பிழைத்தது மறுபடியும் பிழைக்கும்.

கடைசியாக, சாட்சி. ஒவ்வொரு கோப்புக்கும் கைரேகை போல ஒரு நீண்ட எண்ணைக் கணித்துத் தரும் இலவச மென்பொருள்கள் உண்டு. அதை ஹாஷ் என்பார்கள். கோப்பில் ஒரு பிட் மாறினாலும் அந்த எண் முற்றாக மாறிவிடும். முக்கியமான பத்திரங்களை ஸ்கான் செய்த அன்றே, பிரதியைத் திறந்து கண்ணால் பார்த்த பிறகு, இந்த எண்களை ஒரு பட்டியலாக எழுதி வைக்கலாம். ஆண்டுக்கு ஒருமுறை மறுபடி கணித்து ஒப்பிட்டால், எந்தப் பிரதி கெட்டது, எது நல்லது என்று தெரியும். பிரதிகள் மூன்று இருக்கட்டும். அவற்றில் ஒன்று வேறு வீட்டில், முடிந்தால் வேறு நாட்டில் உள்ள உறவினரிடம் இருக்கட்டும். பிள்ளைகளுக்கு ஒரு விடுமுறை நாள் வேலையாக இதைக் கொடுக்கலாம். ஒன்பதாவது சிப் செய்துவந்த வேலையை நாங்கள் கையால் செய்வது இது. அதற்குச் செலவு ஒன்றும் இல்லை.